பதின்மூன்றாவது தலையணை

அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "ஆகட்டுங்க" என்று தலையை ஆட்டிவிடுவார். அதனால் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் ஆகட்டும்காரர்தான். அவசரமாகக் கூப்பிடுகிறவர்கள் வெறுமனே "ஆகட்டும்!" என்று கத்துவார்கள். அவரும் "இதோ வந்துட்டேங்க" என்று ஓடுவார். வாசலில் காவல், தண்ணீருக்கு மோட்டார் போடுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். உள்பக்கம் படிக்கட்டு சரிந்து இறங்குவதால் அந்த அறையில் பாதி இடத்தில் நிற்கலாம், மீதி இடத்தில் உட்காரத்தான் முடியும்.

இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு புரளாது. அது நல்ல குணம் என்று நினைப்பவர்கள் அவரிடம் ஏணி பிடிக்கச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை முதல் மாடியில் பல்பு மாற்றவும், மூன்றாம் மாடியில் பரணைத் துடைக்கவும் ஒரே நேரத்தில் ஏணியோடு வருவதாக ஒப்புக்கொண்டார். இருந்தது ஒரே ஏணி. ஏணியை மூன்றாம் மாடியில் சாத்தி வைத்துவிட்டு, தான் மட்டும் முதல் மாடிக்கு இறங்கி வந்து நின்றார். மேலே பிடிக்க ஆளில்லை, கீழே ஏற ஏணியில்லை. இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி உதவி செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது. மாமனார் வந்து ஏதோ கேட்டார், இவர் "ஆகட்டுங்க" என்றார், என்ன கேட்டார் என்பது பாதி வழி போன பிறகுதான் புரிந்தது. அந்த ஒரு "ஆகட்டு"மில் மட்டும் அவருக்கு நஷ்டமே கிடையாது. நஷ்டம் யாருக்கு என்று அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர் கொடுத்துவந்த வாக்கு ஒன்றே ஒன்று. ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு வந்து, "மிச்சமெல்லாம் உனக்குத்தான்" என்பார். மனப்பூர்வமாகத்தான் சொல்வார். சும்மா சொல்லக் கூடாது, கண்கூடக் கலங்கும்.

மனைவியைத் தலையணைக்காரம்மா என்பார்கள். காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். மத்தியானத்துக்கு மேல் பழைய தலையணைகளைப் புதுசாக்குவாள். கல்லாக இறுகிப்போன தலையணையைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து, வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, குச்சியால் அடித்து, சிக்கெடுத்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து மறுபடி அடைத்துத் தைத்தால், அதில் தலை வைத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு வெயில் வேண்டும், அகலமான இடம் வேண்டும். காற்றில் பறக்காமலிருக்க மேலே போர்த்தப் பழைய கொசுவலை வைத்திருந்தாள். வெயிலும் இடமும்தான் அந்த மாடிப்படி அறையில் மருந்துக்குக்கூட இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய தெருவிலிருந்த லாட்ஜின் மேனேஜரம்மா அவள் கைவேலையைப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஒரு மாடித் தலகாணியைத் தர்றேன். சொன்ன நாள்ல சரியா வந்துதுன்னா மத்த மாடியும் உனக்குத்தான், வருஷா வருஷம் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். தலையணைக்காரம்மாவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இது கைகூடினால் இனி யார் வீட்டு அடுப்படியிலும் போய் நிற்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது, அந்த வெடிப்பில் பஞ்சு சிக்கும்போது உயிர் போகும். அன்றைக்கே கணவரிடம் சொல்லிவைத்தாள்.

"இங்க பாருங்க. மொட்டை மாடியில எனக்கு அகலமா இடம் வேணும். பஞ்சு காயப் போடற அந்த ஒரு நாளைக்கு."

"அதுக்கென்ன, ஆகட்டும்" என்றார் ஆகட்டும்காரர்.

அப்போது மொட்டை மாடி கேட்பாரற்றுக் கிடந்தது. பாசி பிடித்து, வெடித்து, காலை வைத்தால் வழுக்கும். பிறகு மூன்றாம் மாடி வீட்டுக்குள் மழை ஒழுகியதால், வேறு ஊரில் இருந்த கட்டடச் சொந்தக்காரர் ஆள் அனுப்பி மாடி முழுக்க நீர் இறங்காத விரிப்பு ஒட்ட வைத்தார். சுருள் சுருளாக வந்த விரிப்பை இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர்வரை பட்டை பட்டையாக விரித்து ஒட்டிவிட்டுப் போனார்கள். மாடி பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லோர் கண்ணும் மாடி மேல் விழுந்தது. சொந்தக்காரர் போனில், "மாடியை நீயே பிரிச்சுக் குடுத்துடுப்பா. சண்டை மட்டும் வரக்கூடாது" என்றார். இவரும் ஆகட்டுங்க என்றார். வேறென்ன சொல்வார்?

முதலில் வந்தது முதல் மாடிப் பல் டாக்டரம்மா. கிளினிக்கின் பச்சைத் துண்டுகளும் வெள்ளைக் கோட்டுகளும் காய இடம் வேண்டும். "ஞாயித்துக்கிழமை காலையில பாதி மாடி எனக்கு. சரியா?"

"ஆகட்டுங்க."

அடுத்து இரண்டாம் மாடிப் பாட்டு டீச்சர். ஆபீஸ் போகிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் சேர்ந்து பாடக் கற்றுக்கொள்ள வருவார்கள். அறைக்குள் பாடினால் பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னலைச் சாத்துகிறார்களாம். "எனக்குப் பாதியெல்லாம் வேண்டாம்ப்பா. மூணுல ஒரு பங்கு போதும்."

எவ்வளவு நல்ல மனுஷி, பாதியே வேண்டாம் என்கிறாரே என்று உருகிப்போய், "ஆகட்டுங்க" என்றார்.

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். காலையில் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவர். ஒரு நிமிஷம் பிந்தினால் அன்று முழுவதும் முகம் தொங்கிவிடும். "எனக்குக் கால் பாகம் குடு. கால்தான் கேக்கறேன். அதே ஞாயித்துக்கிழமை, அதே நேரம்."

"ஆகட்டுங்க சார்."

இப்படி வாரிக் கொடுத்துவிட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டார் ஆகட்டும்காரர். அவர் கணக்கே போடாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. போட்டார். அதுதான் வினை.

அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பின்னம் கூட்டுவதை நடத்திய அன்று, வாத்தியார் பலகையை நிரப்பிவிட்டுத் திரும்பி, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். வகுப்பே வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு குரல், "ஆகட்டும் சார்" என்றது. வாத்தியார் அதையே வகுப்பு மொத்தத்துக்கும் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கே உட்கார்ந்து எதை எதைத் தப்பாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. இவருக்கு மனதில் நின்றது இவ்வளவுதான்: மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டு.

டாக்டரம்மாவுக்கு இரண்டில் ஒன்று. டீச்சருக்கு மூன்றில் ஒன்று. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்தில் இரண்டு. அவர் ஒரு நிமிஷம் அசந்துபோனார். டாக்டரம்மாவுக்குக் கொடுத்ததே பாதி. டீச்சருக்கும் சேர்த்துக் கொடுத்த பிறகு, மொத்தம் போனது பாதிகூட இல்லையே! கீழே ஓடி வந்தார்.

"அதிசயத்தைக் கேளு. குடுக்கக் குடுக்க, குடுத்தது கொறையுது!"

தலையணைக்காரம்மா வாயில் ஊசி நூலோடு நிமிர்ந்து பார்த்தாள். "குடுத்தது எப்படிங்க கொறையும்? திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"யாரு குடுத்தா? கணக்கு அப்படிச் சொல்லுது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு நாலுல ஒண்ணு. அதையும் சேத்தா மேல மூணு, கீழ ஒம்போது. ஒம்போதுல மூணு. அப்படின்னா மூணு பேருக்கும் சேத்துப் போனது மூணுல ஒரு பங்குதான். மிச்சம் மூணுல ரெண்டு பங்கு அப்படியே கிடக்குது. எல்லாம் உனக்குத்தான்!"

அவளுக்குக் கணக்கு தெரியாது. ஆனால் புருஷனைத் தெரியும். "டீச்சருக்கு மட்டும்னா எவ்வளவு?" என்று கேட்டாள்.

"மூணுல ஒண்ணு."

"மூணு பேருக்கும் சேத்து?"

"அதுவும் மூணுல ஒண்ணு."

"அப்ப டாக்டரம்மாவும் ஸ்டேஷன் மாஸ்டரும் எங்க நிப்பாங்க? டீச்சர் தலை மேலயா?"

ஆகட்டும்காரர் சிரித்தார். படிக்காதவளிடம் என்னத்தைப் பேசுவது என்கிற சிரிப்பு அது. சாயங்காலம்வரை தெருவில் யாராவது வந்து இன்னும் ஒரு பங்கு கேட்க மாட்டார்களா, கேட்டால் மிச்சம் இன்னும் கூடுமே என்றுகூட வாசலில் எதிர்பார்த்து நின்றார். நல்லவேளை, யாரும் வரவில்லை.

இடத்தைக் கொடுத்ததுபோலவே அந்த ஞாயிற்றுக்கிழமையில் தன் நேரத்தையும் கொடுத்திருந்தார். டாக்டரம்மா வீட்டுக் குழாயைப் பிரித்துப் போட வேண்டும், டீச்சரின் ஆர்மோனியத்தை மாடிக்குத் தூக்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டரின் சுவர்க் கடிகாரத்தை இறக்கித் துடைக்க வேண்டும். பஞ்சைத் திருப்பிப் போடக் கூட ஒரு ஆள் வேண்டும் என்று தலையணைக்காரம்மா சொன்னபோது, "மிச்ச நேரமெல்லாம் உங்கூடத்தான்" என்றார்.

அந்த வாரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. வந்து இறங்கியிருந்த லாட்ஜ் தலையணைகளில் பாதியைப் பிரித்து, பஞ்சை மூட்டை மூட்டையாக அறைக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மிச்சம் பிரிக்காத தலையணைகள் குவியலாகக் கிடந்தன. ஆகட்டும்காரர் மூட்டைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைந்து படுத்து, காலையில் தும்மிக்கொண்டே எழுந்தார். திங்கட்கிழமை மேனேஜரம்மா அவற்றை வாங்கிப்போக வருவார். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பிழைத்தோம், அடிக்காவிட்டால் மறுபடி நாலு வீட்டு அடுப்படிதான் என்று தலையணைக்காரம்மா விரலில் களிம்பு தடவிக்கொண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து இவருக்கும் நெஞ்சு நிறைந்தது. "நான் முன்னாடி போய் உன் எடத்தைப் பெருக்கி வைக்கறேன்" என்று சொல்லி, பஞ்சு மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரிக்காத தலையணைகளை ஒரு பெட்ஷீட்டில் கட்டி இழுத்துக்கொண்டு படியேறினார்.

மாடியில் காலை வைக்க இடமில்லை.

படிக்கதவுப் பக்கச் சுவரிலிருந்து சரியாகப் பாதி மாடிவரை டாக்டரம்மா கொடி கட்டி, பச்சைத் துண்டுகளைச் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டிருந்தார். எதிர்ச் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கை அளந்து, ஜமக்காளம் விரித்து, பாட்டு டீச்சரும் பெண்களும் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கைகளை வீசி நடக்கப் பார்த்தார். வலது கையை வீசினால் ஈரத் துண்டு முகத்தில் அறைந்தது, இடது கையை வீசினால் டீச்சரின் கொண்டையில் இடித்தது.

"ஆகட்டும்! இங்க வா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். பெண்கள் பயிற்சி என்று நினைத்து அதே சுருதியில் "வா" என்று இழுத்தார்கள்.

"எனக்குக் கால் பாகம் குடுத்தியா இல்லையா? இது காலா? இதுல ரயில் பெட்டிகூட நிக்காது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நான் பாதிக்கு மேல ஒரு விரக்கடை தாண்டல" என்றார் டாக்டரம்மா.

"நானே மூணுல ஒண்ணுதான் கேட்டேன், என்னைப் பாத்தா முறைக்கறாங்க?" என்றார் டீச்சர்.

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் ஆகட்டும்காரருக்கு விளங்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டுமே, எங்கே போனது? மூட்டையை இறக்கி வாயை அவிழ்த்து வைத்துவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். படிக்கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மாடி இருக்கிறதா என்றுகூட எட்டிப் பார்த்தார். தெருதான் இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க, அளந்துடலாம்" என்றார். அளக்க அவரிடம் என்ன இருக்கிறது? காலடியில் விரிப்பின் பட்டைகள்தான் இருந்தன, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒட்டிய கறுப்புக் கோடு தெரிந்தது. எண்ணினார். பன்னிரண்டு. பெட்ஷீட் மூட்டையை அவிழ்த்து, பட்டைக்கு ஒரு தலையணையாக வைக்க ஆரம்பித்தார்.

"டாக்டரம்மாவுக்குப் பாதி. பன்னெண்டுல பாதி ஆறு." துண்டுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து ஆறு தலையணை வைத்தார். கழுத்தில் தண்ணீர் சொட்டியது. "டீச்சருக்கு மூணுல ஒண்ணு. பன்னெண்டை மூணாக்குனா நாலு நாலு." பெண்களை எழுப்பிவிட்டு எதிர்ச் சுவரிலிருந்து நாலு வைத்தார். "சாருக்குக் கால். பன்னெண்டை நாலாக்குனா மூணு மூணு." நடுச் சந்துக்கு வந்தார். ஒன்று வைத்தார். இன்னொன்று வைத்தார்.

மூன்றாவது தலையணை கையில் இருந்தது. வைக்க இடம் இல்லை.

வலதுபக்கம் பார்த்தார், டாக்டரம்மாவின் ஆறு. இடதுபக்கம் பார்த்தார், டீச்சரின் நாலு. எல்லாம் சரியாக இருந்தது. ஆறும் நாலும் மூன்றும் பதின்மூன்று என்று விரல் விட்டு எண்ணினார், தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். மாடி பன்னிரண்டுதான். கொடுக்கக் கொடுக்கக் குறைந்ததெல்லாம் சுவரில் எழுதின சாக்பீஸ் எழுத்தில்தான் குறைந்திருக்கிறது. பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று வாயால் சொல்லும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவுப் பட்டையாக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஆகட்டும்காரருக்கு முழி பிதுங்கியது.

அப்போது படிக்கதவில் தலையணைக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு மூட்டை, தோளில் கொசுவலை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வரிசையாகக் கிடந்த தலையணைகளைப் பார்த்தாள், அவர் கையிலிருந்ததையும் பார்த்தாள்.

"இதுல நான் எங்கங்க?" என்று கேட்டாள்.

அவர் தலையணையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மிச்சம் உனக்குத்தான், மிச்சம் உனக்குத்தான்னு இத்தனை வருஷமா சொல்லிட்டு வந்தீங்களே. மிச்சம் இல்லைன்னாக்கூடப் பரவால்ல. ஒண்ணு கொறையுதே! நான் வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு கொறையுது!"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்த வார்த்தை நேராக நெஞ்சில் போய்ச் சொருகியது. மாடியை விடுங்கள், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை சாயங்காலம், எல்லாவற்றிலும் இவளை மிச்சத்தில்தானே எழுதி வைத்திருந்தோம், அந்த மிச்சம் ஒரு நாளாவது இருந்ததா என்று நினைத்தபோது அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

ஆனால் அழ விட்டால்தானே. "எங்க, என் மூணாவது பட்டையைக் காட்டு" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையைப் பிடித்தார். "ஆகட்டுங்க சார்" என்று இந்தப் பக்கம் திரும்பினார். "என் பக்கத்துல கை வெச்சே, பாத்துக்க" என்றார் டாக்டரம்மா. "ஆகட்டுங்க" என்று அந்தப் பக்கம் திரும்பினார். "அப்ப நாங்க பாடறதா வேண்டாமா?" என்றார் டீச்சர். "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று தலையணையைக் கட்டிக்கொண்டு பம்பரமாகச் சுற்றியதில், வாய் அவிழ்த்து வைத்திருந்த பஞ்சு மூட்டை காலில் பட்டுச் சாய்ந்தது. சொல்லிவைத்ததுபோல ஒரு காற்று வந்தது.

ஐயோ, அதை என்னவென்று சொல்வது! மூட்டையிலிருந்து பஞ்சு குபுகுபுவென்று கிளம்பியது. ஈரத் துண்டுகளில் போய் ஒட்டி, பச்சைத் துண்டுக்கெல்லாம் வெள்ளைத் தாடி முளைத்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் புதிதாக ஒரு மீசையும் புருவமும் வந்தது. மேல் சுருதியைப் பிடிக்க வாயைத் திறந்திருந்த டீச்சர் அந்தச் சுருதியைப் பஞ்சோடு சேர்த்து விழுங்கிவிட்டு இருமினார். பெண்கள் பாட்டை மறந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தலையணைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாய்ந்து போய் மூட்டையின் வாயில் உட்கார்ந்துகொண்டாள். வெடித்த விரல்களால் பறக்கிற பஞ்சை எட்டி எட்டிப் பிடித்தாள். ஒன்று பிடித்தால் மூன்று பறந்தது. அவள் மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கை கண் முன்னால் தெருவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

ஆகட்டும்காரர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். வெளியே வந்தது பஞ்சு இல்லை, பிறந்ததிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தை.

"இல்லைங்க" என்றார்.

"என்ன இல்லை?" என்றார் டாக்டரம்மா.

"மாடி இல்லைங்க. இன்னைக்கு யாருக்கும் இல்லைங்க." குரல் நடுங்கியது. ஆனால் வந்துவிட்டது. "மொதல்ல கேட்டது இவதாங்க. மூணு மாசம் முன்னாடி, இங்க பாசி புடிச்சுக் கெடந்தப்பவே கேட்டா. நான்தான் இவளைச் சேக்காமக் கணக்குப் போட்டுட்டேன். இவளுக்கு இன்னைக்கு வெயில் வேணும், பன்னெண்டு பட்டையும் வேணும். தப்பு எம்மேலதாங்க. எங்கிட்ட இல்லாததைக் குடுத்துட்டேன்."

அந்தக் கட்டடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. உடம்பு சரியில்லையோ என்று டாக்டரம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "சொந்தக்காரர்கிட்டச் சொல்றேன் பாரு" என்று கொடியை அவிழ்த்தார். "சொல்லுங்க" என்றார் இவர். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், மீசையைப் பிடுங்கினார், தெருவிலேயே நடந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். டீச்சர் மட்டும் போகும்போது தலையணைக்காரம்மாவின் தோளைத் தொட்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

எல்லோரும் போன பிறகு ஆகட்டும்காரர் அந்தப் பதின்மூன்றாவது தலையணையை இன்னும் கட்டிக்கொண்டு நின்றார்.

"கோவமா?" என்று கேட்டார்.

"கோவப்பட நேரமில்ல. அதைக் கீழ வெச்சுட்டுக் குச்சியை எடுங்க" என்றாள்.

மீதித் தலையணைகளையும் பிரித்ததும் பன்னிரண்டு பட்டையிலும் பஞ்சு பரவியது. கொசுவலையைப் போர்த்தி ஓரங்களில் செங்கல் வைத்தார்கள். இருவருமாக அடித்தார்கள், திருப்பினார்கள், சிக்கெடுத்தார்கள். பத்து மணி வாக்கில் கீழேயிருந்து, "ஆகட்டும்! குழாய் என்னாச்சு?" என்று சத்தம் கேட்டது. அவர் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். தலையணைக்காரம்மா அடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்த்தாள்.

"நாளைக்குங்க!" என்று கத்தினார். "இன்னைக்கு முழுசும் இங்கதாங்க!"

திரும்பி வந்து குச்சியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அடித்த அடியில் ஒரு தாளம் இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் டாக்டரம்மா ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து படியில் டொக்கென்று வைத்தார். துண்டுகளிலிருந்து பொறுக்கிய பஞ்சு. "ஒரு துண்டுக்குக் கால் மணி நேரம் ஆச்சு. பல்லு புடுங்கறதே இதைவிடச் சுலபம்" என்று முறைத்துவிட்டுப் போனார். ஸ்டேஷன் மாஸ்டரும் தெருவில் நடக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தப் பஞ்சு அழுக்கு. லாட்ஜுக்கு ஆகாது. தலையணைக்காரம்மா அதைத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்தாள். குறைந்ததற்குக் கையிலிருந்த புதுப் பஞ்சைச் சேர்த்துச் சரிக்கட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரம்மா வந்தார். ஒரு தலையணையை முழங்கையால் அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார். எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "அடுத்த மாடித் தலகாணியை நாளைக்கே அனுப்பறேன்" என்றார். தலையணைக்காரம்மா அன்றைக்கே நாலு வீட்டுக்கும் போய், இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அந்த வார்த்தை சொல்வதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

சொந்தக்காரர் போன் செய்தார். ஆகட்டும்காரர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி, இனிமே எப்படிப் பிரிக்கப் போறே?" என்றார். "மொதல்ல அவளுக்கு நாலு பட்டைங்க. அப்புறம் மீதி எட்டுல பேசிக்கறோம்" என்றார் இவர். தொட்டிச் சுவரிலிருந்த கணக்கைத் துணியை நனைத்து அவரே துடைத்தார்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் ஓய்ந்துபோய் அறையில் உட்கார்ந்தார்கள். மூட்டையெல்லாம் போன பிறகு அறை பெரிசாகத் தெரிந்தது. துணியில் முடிந்திருந்த அந்த அழுக்குப் பஞ்சை அவள் அலசிக் காயவைத்து, தன் பழைய புடவைத் துணியில் அடைத்துத் தைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் தலையணை தைத்த அந்த வீட்டில் அதுவரை சொந்தமாக ஒரு நல்ல தலையணை கிடையாது. அவள் புடவையைச் சுருட்டி வைத்துப் படுப்பாள், இவர் கையை மடித்து வைத்துப் படுப்பார்.

ஆகட்டும்காரர் தலையணையைத் தடவிப் பார்த்தார். "நீ வெச்சுக்க. எனக்கு மிச்சம்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் தலையணையைப் பாயின் நடுவில் போட்டாள். "ஆளுக்குப் பாதி."

அவர் யோசித்தார். "ரெண்டுல ஒண்ணும், ரெண்டுல ஒண்ணும். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் ரெண்டும் நாலு. நாலுல ரெண்டு. அப்ப அரைத் தலகாணிதானே ஆகுது? மீதி அரை எங்க..."

"பேசாம வந்து படுங்க" என்றாள் அவள்.

படுத்தார். அவள் தலை ஒரு பக்கம், அவர் தலை ஒரு பக்கம். நடுவில் இடமே இல்லை. மிச்சம் எதுவும் இல்லை.